பரிசீலனையில் உள்ளது

கொடுங்கையூரில் வாழும் எங்களுக்கு, ஒரு நாளிதழைப் பிரித்துப் பார்க்காமலேயே காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பது தெரிந்துவிடும். வடகிழக்கிலிருந்து என்றால் மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் நெடி. குப்பை மேட்டுப் பக்கமிருந்து என்றால் அதைச் சொல்லத் தேவையில்லை. சென்னை மாநகரம் நாளொன்றுக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் கழிக்கும் குப்பையில் ஏறத்தாழ பாதியை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக எங்கள் பக்கத்தில்தான் கொட்டி வந்திருக்கிறார்கள். மீதி தெற்கே பெருங்குடிக்குப் போனது. உறவினர் வீட்டுத் திருமணத்தில் 'எங்கே குடியிருக்கிறீர்கள்?' என்று கேட்பவர்கள், பதிலைக் கேட்டதும் ஒரு கணம் மௌனமாவதை நாங்கள் பழகிக்கொண்டோம்.

2017ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் அன்பியத்தார் கூடி ஒரு மனு எழுதினோம். வியாழன்தோறும் மாலையில் யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் செபமாலை சொல்லி, நற்செய்தி வாசித்து, தேநீர் அருந்திக் கலைகின்ற இருபது குடும்பங்கள் நாங்கள். அந்தக் கோடையில் புகை மிகுந்திருந்தது. இரண்டு குழந்தைகளை மூச்சிரைப்புக்காக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. ஆகவே எழுதினோம். துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்களிடையே உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால்தான் அலுவலகங்களில் மதிப்பார்கள் என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை. எனவே மனு ஆங்கிலத்திலேயே அமைந்தது. பதினொரு கோரிக்கைகள். பள்ளி நேரத்தில் குப்பை லாரிகள் எங்கள் தெரு வழியே வரக்கூடாது. லாரிகளைத் தார்ப்பாய் கொண்டு மூட வேண்டும். தீப்பற்றினால் உடனே அணைக்க நீர்த்தொட்டி வேண்டும். இப்படிப் போனது பட்டியல். எல்லாரும் கையெழுத்திட்டோம். பெயரை மட்டுமே எழுதத் தெரிந்தவர்களும் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுதினார்கள்.

ஆறு வாரங்கள் கழித்து ஒரு பதில் வந்தது. அதுவும் ஆங்கிலத்தில். ஆட்சிமொழிச் சட்டம் 1956இலேயே வந்துவிட்ட மாநிலத்தில் இது எப்படி என்று எங்களால் கேட்க முடியவில்லை. நாங்கள் எழுதியதும் ஆங்கிலம்தானே! ஒரே வாக்கியம். தங்கள் மனு 'அண்டர் கன்சிடரேஷன்' என்றிருந்தது.

பெரியவர் அதைப் படித்துக் காட்டினார். 'அப்படின்னா என்ன, சார்?' என்று ஒருவர் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்று பொருள் என்றார் இவர். கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. கசப்பான சிரிப்பு. பரிசீலனை என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டு மக்கள் தங்கள் அனுபவத்தால் கண்ட பொருள், 'ஒன்றும் நடக்காது' என்பதே அல்லவா?

அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளாத ஒருவர் இருந்தார். அவரை இங்கே அக்கா என்றே குறிப்பிடுகிறோம். நாங்கள் அவரை அழைப்பதும் அப்படித்தான். கணவர் இறந்த பிறகு, குப்பை மேட்டில் பழைய பொருள்களைப் பொறுக்கி, காயலான் கடையில் எடைக்குப் போட்டு, மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அவர் கேட்டார்: 'நாம என்னதான் கேட்டோம்னு ஒரு தடவை தமிழ்ல சொல்லுங்க, சார். அன்னிக்கு அவசரத்துல கையெழுத்து போட்டுட்டேன்.'

பெரியவர் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லி வந்தார். ஏழாவது கோரிக்கை இது: குப்பை மேட்டுக்குள் வெளியார் நுழைவதை அறவே தடுக்க வேண்டும், அவர்கள் செம்புக் கம்பிக்காக ஒயர்களை எரிப்பதே தீ பரவக் காரணமாகிறது.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். 'வெளியார்னா... அது நான்தானே, சார்?'

யாரும் பேசவில்லை. மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார்: 'நல்லவேளை, இன்னும் யோசிச்சிக்கிட்டுதான் இருக்காங்க.'

அந்த இரவு எங்களில் பலருக்கு உறக்கம் வரவில்லை என்று எழுதினால் அது மிகையாகும். உறங்கத்தான் செய்தோம். ஆனால் அந்தச் சொல் எங்களை விடவில்லை. அலுவலகம் எங்கள் மனுவைக் கருதிப் பார்க்கவில்லை என்று குறைப்பட்ட நாங்கள், எங்கள் மனுவில் கையெழுத்திட்ட ஒருவரையே கருதிப் பார்க்கவில்லை. கருதிப் பார்த்தல் என்றால் உண்மையில் என்ன? எங்களுக்குத் தெரிந்தவரையில் தேடத் தொடங்கினோம்.

'கன்சிடர்' என்ற ஆங்கிலச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. அதன் உள்ளே 'சீதுஸ்' என்னும் சொல் ஒளிந்திருக்கிறது என்று அகராதி ஆசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். 'சீதுஸ்' என்றால் விண்மீன், விண்மீன் கூட்டம். அதாவது இருளில் நின்று, கழுத்து நோக, விண்மீன்களை உற்றுநோக்குவதே இந்தச் சொல்லின் முதற்பொருள். கடலில் வழி தேடிய மாலுமிகளின் சொல்லாகவும் அது இருந்திருக்கலாம் என்பார்கள். ஆசையைக் குறிக்கும் 'டிசையர்' என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததாம். இராயபுரம், காசிமேட்டு மீனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விண்மீனைப் பார்ப்பவன் கோப்பைப் பார்ப்பதுபோல் பார்ப்பதில்லை. தவறாகப் பார்த்தால் கரை சேர முடியாது.

'பாண்டர்' என்ற இன்னொரு சொல் உண்டு. எடையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. மனத்தில் வைத்து எடை பார்த்தல். லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், இடையர்கள் வந்து சொன்னவற்றையெல்லாம் அன்னை மரியா உள்ளத்தில் இருத்தியதைச் சொல்லுமிடத்தில் ஆங்கில விவிலியங்கள் பல இச்சொல்லையே ஆளுகின்றன. கிரேக்க மூலத்திலுள்ள சொல்லோ, ஒன்றோடொன்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தல் என்ற பொருள் தருவது. துண்டு துண்டாகக் கிடைத்தவற்றை அவர் பொருத்திப் பார்த்தார். நாங்கள் இதை எத்தனையோ கிறிஸ்துமஸ் திருப்பலிகளில் கேட்டிருக்கிறோம். அது ஒரு வேலை என்று நினைத்ததேயில்லை, ஏதோ ஓர் அமைதியான மனநிலை என்றே எண்ணியிருந்தோம்.

எடை என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது குப்பை மேட்டின் எடைமேடை. ஒவ்வொரு லாரியும் அதன்மீது ஏறி நின்று எடை போடப்பட்ட பிறகே உள்ளே போகும். எத்தனை டன் என்று கணக்கு எழுதப்படும். உள்ளே இருப்பது என்ன என்று எவரும் பார்ப்பதில்லை. எடை பார்ப்பதற்கும் எடைபோட்டுப் பார்ப்பதற்கும் உள்ள தொலைவு அவ்வளவுதான்!

இந்தச் சொற்கள் நம்மிடம் வந்து சேர்ந்தபின் அடைந்த கதியும் சுவையானது. நம் தெருக்களில் 'கொஞ்சம் கன்சிடர் பண்ணுங்க' என்று ஒருவர் சொன்னால், 'ஆராய்ந்து பாருங்கள்' என்பது அதன் பொருளன்று. 'விதியைத் தளர்த்துங்கள், இரக்கம் காட்டுங்கள், விலையைக் குறையுங்கள்' என்பதே பொருள். பள்ளியில் இடம் கேட்கும் தந்தையும், அபராதச் சீட்டின் முன் நிற்கும் ஆட்டோ ஓட்டுநரும் இப்படித்தான் இச்சொல்லைக் கையாளுகிறார்கள். ஆராய்ந்தால் நமக்கு நீதி கிடைக்காது, இரங்கினால்தான் உண்டு என்று ஏழைகள் எப்போதோ முடிவுகட்டிவிட்டார்கள்போலும். மறுபுறம், அலுவலகம் இதே சொல்லைக் கதவடைக்கப் பயன்படுத்துகிறது. கெஞ்சுகின்றவன் வாயிலும் ஒரே சொல், கைவிரிக்கின்றவன் வாயிலும் ஒரே சொல்.

வழக்கறிஞர்களுக்கோ இதே சொல் முற்றிலும் வேறு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 'கன்சிடரேஷன்' என்பது, ஒரு வாக்குறுதிக்கு ஈடாக மற்றவர் செய்வது அல்லது தருவது. தமிழில் மறுபயன் என்கிறார்கள். மறுபயன் இல்லாத ஒப்பந்தம், சில விலக்குகள் நீங்கலாக, செல்லாது. சட்டக்காரர்களின் இந்தப் பொருளை முதலில் நாங்கள் ஒதுக்கிவிட்டோம். பிறகு யோசித்தபோது, மாநகரத்துக்கும் கொடுங்கையூருக்கும் இடையே உள்ள ஏற்பாட்டுக்கு அதுவே பொருத்தமாகத் தோன்றியது. நகரத்தின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டோமே, மறுபயன் என்ன?

சரி, பரிசீலனை? இது வடமொழிச் சொல். இதன் வேரில் இருப்பது 'சீலம்' என்பதன் வேரே. திரும்பத் திரும்பச் செய்து பழகுதல், இடைவிடாது ஒன்றைத் தொட்டுப் பழகுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். இதை அறிந்தபோது எங்கள் துறைமுகப் பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, 'அப்படியானால் கொடுங்கையூரில் பரிசீலனை செய்பவர் நம் அக்கா ஒருவர்தான்' என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. தமிழுக்கென்றே இதற்குச் சொற்கள் பல உண்டு. எண்ணுதல் என்கிறோம், கணக்கிடுவதும் அதுவே, நினைப்பதும் அதுவே. சீர்தூக்குதல் என்கிறோம், திருவள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் சான்றோருக்குத் துலாக்கோலை உவமை சொல்கிறார். தேர்தல் என்பதற்கு ஆராய்ந்து தெளிதல் என்ற பொருளும் உண்டு. இன்று அதை வாக்குச்சாவடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். இவை எல்லாவற்றிலும் எங்களைத் தடுத்து நிறுத்திய சொல் ஆய்தல். கீரை ஆய்வது நம் வீட்டுப் பெண்கள் அன்றாடம் செய்யும் வேலை. முருங்கைக் கீரையை மடியில் பரப்பி, காம்பை நீக்கி, பழுத்ததை ஒதுக்கி, பூச்சி அரித்ததைத் திருப்பிப் பார்த்துத் தள்ளி, நல்லதை மட்டும் முறத்தில் சேர்ப்பது. பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் செய்வதும் ஆய்வு. திண்ணையில் கீரைக்குச் செய்வதும் ஆய்தல். மேனாட்டார் விண்ணைப் பார்த்தார்கள், துலாக்கோலைப் பார்த்தார்கள். நம் மொழி விரல் நுனியைப் பார்த்தது.

ஒரு ஞாயிறு மாலை நாங்கள் சிலர் அக்காவின் வீட்டுக்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்பதற்கென்று போனோம்; எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாசலில் அன்று கொண்டுவந்த மூட்டை அவிழ்க்கப்பட்டிருந்தது. பிளாஸ்டிக்கை ஒரு முறை கையில் கசக்குகிறார். அந்த ஒலியைக் கொண்டே அது எந்த வகை என்று தெரிந்து தனித்தனிச் சாக்கில் போடுகிறார். பால் கவர் வேறு, தண்ணீர் பாட்டில் வேறு, வாளி உடைந்த துண்டு வேறு. உலோகம் என்றால் கயிற்றில் கட்டிய காந்தத்தைக் காட்டுகிறார். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் கல்லில் தேய்த்துப் பார்க்கிறார், மேல்பூச்சின் கீழ்ச் செம்பு இருக்கிறதா என்று. ஒரு பொருளையும் பார்க்காமல் போடவில்லை. பேசிக்கொண்டே செய்தார். 'ஒயரை நான் எரிக்கிறதில்ல, தம்பி. பிளேடால சீவிடுவேன். எரிச்சா செம்பு கருத்துப்போகும், கடைக்காரர் காசைக் குறைச்சிடுவாரு. ஆனா எரிக்கிறவங்களும் இருக்காங்க. பொய் சொல்லக்கூடாது.'

ஏழாவது கோரிக்கையை எழுதும் முன் இந்த வாக்கியங்களை நாங்கள் கேட்டிருக்கலாம். அவர் எங்களிடமிருந்து மூன்று தெரு தள்ளித்தான் குடியிருந்தார்.

இவ்விடத்தில் ஒரு புனிதரைக் குறிப்பிட வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து, தம் மடத்தில் துறவியாயிருந்து 1145இல் திருத்தந்தையாகிவிட்ட மூன்றாம் யூஜினுக்கு ஒரு நூல் எழுதினார். அதன் பெயரே 'கன்சிடரேஷன் குறித்து' என்பதுதான். ஐந்து பகுதிகள். 1153இல் பெர்நார்து இறப்பதற்குச் சிறிது காலம் முன்புவரை எழுதப்பட்டது. திருத்தந்தையிடம் காலை முதல் இரவு வரை மனுதாரர்களும் வழக்காடுவோரும் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவற்றிலேயே மூழ்கி, மனம் மரத்துப்போய்விடுவார் என்று பெர்நார்து அஞ்சினார். ஒரு காலத்துச் சீடர்தானே என்று கூசாமல் கண்டித்தும் எழுதினார். உம்மையும், உமக்குக் கீழ் உள்ளவற்றையும், உம்மைச் சூழ உள்ளவற்றையும், உமக்கு மேல் உள்ளவற்றையும் கருதிப் பாரும் என்பது அந்நூல் செல்லும் வழி. தியானம் என்பது கண்டடைந்த உண்மையை நோக்கி நிற்பது, கருதிப் பார்த்தல் என்பதோ உண்மையை இன்னும் தேடிக்கொண்டிருப்பது என்று அவர் வேறுபடுத்துகிறார். எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், மனுக்களின் குவியலுக்கு நடுவே எழுந்த ஒரு நூலாக இதை நினைக்கும்போது எங்களுக்கு ஏனோ ஆறுதலாயிருந்தது. அலுவலக மேசைக்குப் பின்னால் இருக்கும் மனிதருக்கும் மூச்சு முட்டுகிறது என்பதை அது நினைவூட்டியது. எங்கள் பதினொரு கோரிக்கைகளைப் போல் அவர் மேசைக்கு நாளொன்றுக்கு எத்தனை வருமோ!

எங்கள் மனுவை மீண்டும் எழுத மூன்று வியாழன்கள் பிடித்தன. அவ்வளவும் இனிய உரையாடல் அன்று. புகையால் குழந்தை நோயுற்ற தாய் ஒருவர், 'குப்பை பொறுக்குறவங்களுக்காக என் பிள்ளை மூச்சுத் திணறணுமா?' என்று நேருக்கு நேர் கேட்டார். அக்கா பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் வந்தார். கூடவே இன்னும் இரண்டு பெண்களை அழைத்து வந்தார். தீ எப்போதெல்லாம் எந்தப் பக்கம் பிடிக்கிறது, அடியில் எப்படிக் கனன்றுகொண்டே இருக்கும், எந்தப் பாதையில் தண்ணீர் லாரி வரமுடியாமல் திரும்பிப் போகிறது என்பதையெல்லாம் அந்த இருவர் சொன்னார்கள். எங்களுள் படித்தவர்கள் ஒருவருக்கும் இவை தெரியாது. அந்தத் தாயே இரண்டாவது மனுவின் நீர்த்தொட்டிக் கோரிக்கையை, எந்த இடத்தில் வேண்டும் என்ற குறிப்போடு, திருத்தி எழுதினார். இருவரும் நட்பாகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டோம். ஒரே பாயில் உட்கார்ந்தார்கள்.

பதினொன்று, ஐந்தாகச் சுருங்கியது. தமிழில் எழுதினோம், பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அதற்கும் பதில் 'பரிசீலனையில் உள்ளது' என்றே வந்தது. பள்ளி நேரத்தில் லாரிகள் எங்கள் தெருவழி வருவது மட்டும் சில மாதங்களில் நின்றது. எங்கள் மனுவாலா, சாலையில் தோண்டிய பள்ளத்தாலா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

அதன்பின் கொடுங்கையூர் மாறிக்கொண்டிருக்கிறது. 2024ஆம் ஆண்டு முதல், ஏறத்தாழ 250 ஏக்கரில் குவிந்துள்ள 66 இலட்சம் டன் பழங்குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பணி நடக்கிறது. செலவு அறுநூறு கோடிக்கும் மேல். பெரிய சுழல் சல்லடைகளில் மண் ஒருபுறம், கல் ஒருபுறம், பிளாஸ்டிக் ஒருபுறம் என்று உதிர்கின்றன. நாற்பது ஆண்டுகளாக நகரம் ஒரு கணமும் பார்க்காமல் எறிந்ததை இப்போது எந்திரங்கள் ஆய்கின்றன என்று அக்காவிடம் சொன்னோம். 'அன்னிக்கே வீட்டுல பிரிச்சிருந்தா இவ்வளவு செலவு இல்லையே' என்றார். எங்கள் வீட்டு வாளிகளை நாங்கள் நினைத்துப் பார்த்து மௌனமானோம். மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கான குப்பை என்று வீட்டிலேயே பிரிக்க வேண்டுமென 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லியிருந்தன. மனு எழுதிய 2017இல் எங்கள் இருபது குடும்பங்களில் அதைச் செய்தவை இரண்டோ மூன்றோதான். இன்று அதிகம், எல்லாம் என்று சொல்ல இன்னும் முடியவில்லை.

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை கொடுங்கையூரில் வரவிருக்கிறது என்ற செய்தியால் 2025இல் வடசென்னை கலங்கியது. மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். எங்களில் சிலரும் நின்றார்கள். மணலியும் எண்ணூரும் ஏற்கெனவே சுமக்கும் புகை போதாதா என்பது அவர்கள் கேள்வி. குப்பை மலை இனியும் வளராதிருக்க வேறு வழி என்ன என்று கேட்பவர்களும் எங்கள் அன்பியத்தில் உண்டு. இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்நாள்களில் ஒரு வியாழன், கையெழுத்துக்காக ஒரு தாள் எங்கள் கூட்டத்துக்கு வந்தது. பெரியவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டதால் கல்லூரியில் படிக்கும் அக்காவின் இளைய மகள் அதைப் படிக்க எழுந்தாள். அக்கா கையைத் தூக்கி நிறுத்தினார். 2017க்குப் பின் எந்தத் தாள் வந்தாலும் அவர் சொல்வது ஒன்றே. எங்களுக்கு அது பழகிப்போய்விட்டது.

'முதல்ல அந்த ஏழாவதைப் படிம்மா.'

'இதுல நாலுதாம்மா இருக்கு.'

'அப்ப நாலையும் மெதுவாப் படி' என்றார் அக்கா, பேனாவைப் பாயின்மீது வைத்துவிட்டு.